சாமி கும்பிடாமல் சொந்தபந்தத்தோடு வாழ: மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி

கடவுள் நம்பிக்கை போய்விட்டது, ஆனால் அப்பா அம்மா, பங்காளி, மாமன் மச்சான் யாரையும் விட்டுப் போக மனமில்லை என்கிறவர்களுக்காக எழுதியது இது. சாமி உண்டா இல்லையா என்ற வாதம் இதில் கிடையாது. எந்த நாளில் எதில் கலந்துகொள்ளலாம், எதை எப்படி மறுக்கலாம், எந்தத் தாளை எப்போது தயார் செய்து வைக்க வேண்டும் என்பது மட்டும்தான். இந்துக் குடும்பத்தை மனதில் வைத்தே பெரும்பாலும் எழுதியிருக்கிறோம். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குச் சட்டம் வேறாகும் இடங்களை அந்தந்த இடத்தில் பாருங்கள்.

1. சாமி காரியம் வேறு, சொந்தக் காரியம் வேறு

ஒரு நோட்டை எடுத்து, வருசத்தில் உங்கள் குடும்பத்தில் நடக்கிற எல்லாவற்றையும் எழுதுங்கள். பொங்கல், மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயில், சித்திரைத் திருவிழா, ஊர்ப் பொங்கல், ஆடி, ஆயுத பூஜை, காதுகுத்து, பெண் பிள்ளை வயசுக்கு வந்த சடங்கு, கல்யாணம், புதுவீடு, சாவு, கருமாதி. ஒவ்வொன்றிலும் சாமிக்குச் செய்வது எது, மனுசருக்குச் செய்வது எது என்று இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். காதுகுத்தில் முடி இறக்குவது சாமிக்கு. தாய்மாமன் சீர் கொண்டுவருவதும் மடியில் உட்கார வைப்பதும் மனுசருக்கு. சாவு வீட்டில் கோடித்துணி போடுவது, பாடைத் தேர் தூக்குவது, பந்தலில் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பது எல்லாம் மனுசருக்கு.

இந்த இரண்டாவது பத்தியில் ஒன்றைக்கூட விடாதீர்கள். நம் பக்கத்தில் சாமி கும்பிடவில்லை என்று யாரும் உறவை முறித்துக்கொள்வதில்லை. "அவன் ஒரு மாதிரி, கருப்புச்சட்டை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். செய்முறை செய்யவில்லை என்றால்தான் முறிப்பார்கள். உங்கள் வீட்டு மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். யார் எவ்வளவு செய்திருக்கிறார்கள், எதற்குத் திருப்பிச் செய்யவில்லை என்று தெரியும். வாங்கிய தொகைக்குக் குறையாமல், முடிந்தால் கொஞ்சம் சேர்த்து, விசேஷத்துக்கு நேரில் போய்ச் செய்யுங்கள். ஜிபேயில் அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துகொண்டால், சாமி இல்லை என்கிறவன் மனுசனையும் மதிக்கமாட்டான் என்ற பேச்சுக்கு நீங்களே சாட்சி ஆகிவிடுவீர்கள்.

2. யாரிடம், எப்போது சொல்வது

படித்துக்கொண்டிருக்கிறீர்கள், செலவுக்கு வீட்டை நம்பியிருக்கிறீர்கள் என்றால் அறிவிப்பு எதுவும் வேண்டாம். சொந்தச் சம்பளம் வரும்வரை பொறுங்கள். இதில் கோழைத்தனம் ஒன்றும் இல்லை. அவசரப்பட்டுச் சொன்ன பிள்ளைகளைப் பேயோட்டும் கோடாங்கியிடம் கூட்டிப்போவதும், பெண் பிள்ளை என்றால் படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்ப்பதும் நடக்கிறது. பெண்களுக்கு ஒரு கூடுதல் வேலை: பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றின் அசல்கள் உங்கள் கையில் இருக்கட்டும். விடுதியில் இருந்தால் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். அரசின் டிஜிலாக்கர் செயலியிலும் ஏற்றிவையுங்கள்.

சொல்கிற நிலைக்கு வந்தபின் முதலில் ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அது தாய்மாமனாகவோ அத்தையாகவோ இருப்பது நல்லது. அப்பாவிடம் உங்களுக்காகப் பேசக்கூடிய ஆள் யார் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். விசேஷ நாளில், பந்தியில், பத்துப் பேர் முன்னால் சொல்லவே கூடாது. அங்கே அப்பா உங்களுக்குப் பதில் சொல்வதில்லை, பங்காளிகளுக்குப் பதில் சொல்கிறார். அதனால்தான் குரல் ஏறுகிறது.

சொல்லும் வார்த்தையும் முக்கியம். "சாமியே கிடையாது" என்றால் சண்டை. "எனக்குக் கும்பிட வரலத்தா, நீங்க கும்பிடுங்க, நான் கூட வர்றேன்" என்றால் அம்மா இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்திருப்பார், மூன்றாம் நாள் சோறு போட்டுவிடுவார்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சாமியைக் கேலி செய்யும் படம், மீம் எதையும் போடாதீர்கள். காலை வணக்கத்தோடு வரும் சாமி படத்துக்குப் பதிலும் வேண்டாம். யாராவது அதைப் படம்பிடித்து வெளியே அனுப்பிப் புகார் ஆகிவிட்டால், வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்தியதாகப் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற தண்டனைச் சட்டத்தின் 299ஆவது பிரிவில் வழக்கு வரலாம். மூன்று வருசம் வரை சிறைக்கு இடமுண்டு.

3. அன்றாட வீடு

திருநீறு. தினமும் வருகிற சிக்கல் இதுதான். பெரியவர்கள் நெற்றியில் பூசிவிட வந்தால் குனிந்துகொள்பவர்களும் உண்டு, கையில் வாங்கி வைத்துக்கொள்பவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும் ஒரே மாதிரி இருங்கள். பாட்டி பூசினால் சரி, சித்தப்பா பூசினால் தட்டிவிடுவேன் என்றால், சித்தப்பாவை அவமானப்படுத்தியதாகத்தான் கணக்கு.

கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் நம்பிக்கை இருந்தால், சாமி அலமாரியை எடுக்கச் சொல்லாதீர்கள். மீனாட்சி திருக்கல்யாணத்தன்று மனைவி தாலிக்கயிறு மாற்ற வேண்டும் என்றால் கயிறு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். சேதுபதி பள்ளியில் போடுகிற கல்யாண விருந்துக்கு வரிசையில் நிற்பதில் உங்கள் கொள்கை எதுவும் குறையாது, சாப்பாடும் நன்றாக இருக்கும். அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச மைத்துனர் விரதம் இருக்கிற நாட்களில் வீட்டில் கவுச்சி ஏறாது. தனியாகக் கேட்டுச் சண்டை போடாமல் வெளியே சாப்பிட்டுக்கொள்ளுங்கள். அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று தல்லாகுளம் பக்கம் நீர்மோர்ப் பந்தலில் நின்று ஊற்றிக்கொடுக்க ஆள் எப்போதும் குறைவு. அங்கே போய் நில்லுங்கள்.

பெண்களுக்கு இது கடினம். ஆண் கும்பிடாவிட்டால் கொள்கை என்பார்கள், மருமகள் விளக்கேற்றாவிட்டால் திமிர் என்பார்கள். விளக்கு, கோலம், பூ, பொட்டு இவற்றில் எது உங்களுக்கு வெறும் பழக்கம், எது ஒத்துவரவே வராது என்று கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையிடம் பேசி முடித்துவிடுங்கள். மாமியாரிடம் அதைச் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு.

4. ஊர், வரி, குலதெய்வம்

நகரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி பக்கத்தில் ஊர் இருக்கிறவர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது.

தலைக்கட்டு வரி. கல்யாணம் ஆன ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. கோயில் திருவிழாவுக்கு ஊர்க்கூட்டம் போட்டுத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வைப்பார்கள். சாமிக்குத்தானே, நான் ஏன் தரவேண்டும் என்று மறுத்தால் ஊர்க்கணக்கிலிருந்து பெயர் போகும். பெயர் போனால் திருவிழாவோடு நிற்காது. உங்கள் வீட்டுச் சாவுக்கு ஊர் சேராது, சொல்லிவிட ஆள் போகாது. சட்டப்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாதுதான். ஆனால் சட்டம் வந்து பாடை தூக்காது. எங்கள் யோசனை: வரியைக் கொடுத்துவிடுங்கள், ரசீது வாங்குங்கள். பந்தல், மைக்செட், அன்னதானம் போன்ற செலவில் என் பணத்தை வரவு வையுங்கள் என்று வரி வாங்குபவரிடம் சொல்லிவிட்டால் உங்கள் மனதுக்கும் ஆச்சு. கொடுக்கவே மாட்டேன் என்று முடிவெடுத்தால், அண்ணன் தம்பிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுங்கள். உங்கள் மறுப்புக்கு அவர்கள்தான் கூட்டத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

காப்புக் கட்டு. புதிதாக ஊருக்குப் போய்வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். திருவிழாத் தொடக்கமாகக் காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருந்தவர் திருவிழா முடியும்வரை வெளியூரில் இரவு தங்கக்கூடாது என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. ஒருவர் மீறி, பிறகு ஊரில் மாடு செத்தாலும் மழை பொய்த்தாலும் அந்தப் பழி அவர் தலையில் விழும். லீவு இல்லையென்றால் காப்புக் கட்டிய பிறகு ஊருக்கு வாருங்கள். முளைப்பாரி ஊர்வலத்துக்கும் கறிச்சோற்றுக்கும் வந்துவிட்டு மாலையில் கிளம்பினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

குலதெய்வம் கோயில். மாசி சிவராத்திரிக்குச் சாமிப் பெட்டியைச் சுமந்துபோகும் பெட்டி எடுப்பு நடக்கும் கோயில்களில் பங்காளிகள் அத்தனை பேரும் கூடுவார்கள். வருசத்தில் அந்த ஒரு நாள்தான் எல்லாரையும் பார்க்க முடியும் என்பதால் போவது நல்லது. அங்கே கும்பிடாமல் நிற்பது எளிது. அடுப்புக்குப் பக்கத்தில் நில்லுங்கள். பொங்கலுக்கு விறகு, கிடாக்கறி பங்கு பிரிப்பது, வேன் ஏற்பாடு, தண்ணீர் கேன் என்று வேலைக்குப் பஞ்சமே இல்லை. கையில் அகப்பை இருக்கிறவனை யாரும் "வந்து விழுந்து கும்பிடு" என்று கூப்பிடுவதில்லை.

சாமியாடி உங்களிடம் வந்து "என்னைய மறந்துட்டியேடா" என்று நிற்கலாம். அந்த நேரத்தில் வாதாடுவதும் சிரிப்பதும் ஆபத்து. சுற்றி நிற்கிறவர்கள் உணர்ச்சிவசப்பட்டிருப்பார்கள். கையை நீட்டித் திருநீற்றை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுங்கள். வாக்குக் கேட்டால் "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று முடித்துக்கொள்ளலாம். கிடா வெட்டுகிறேன், அரிவாள் செய்து வைக்கிறேன் என்று வாய்தவறி ஒப்புக்கொண்டால் அதை ஊரே நினைவில் வைத்திருக்கும்.

கருப்புக் கோயில் சத்தியம். அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் சத்தியம் செய்து வழக்கு முடிப்பது இன்றும் நடக்கிறது. கடன், வரப்பு, களவு என்று ஏதோ ஒரு பிரச்சினையில் எதிராளி உங்களை அங்கே கூப்பிட்டால் இரண்டு பக்கமும் இடி. வரமாட்டேன் என்றால் குற்றவாளி. வந்து சத்தியம் செய்தால் "அவனுக்குத்தான் சாமி பயமே இல்லையே, அந்தச் சத்தியம் என்னத்துக்கு ஆகும்" என்பார்கள். கூப்பிடும் முன்பே நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர் இரண்டு பேரை வைத்துக் கணக்கை எழுதி, முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு, சாட்சிகளும் போடட்டும் என்று சொல்லுங்கள். பணம் கொடுத்தது வாங்கியது எதையும் முதலிலிருந்தே வங்கி வழியாகச் செய்வது, சாமி கும்பிடாதவருக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு அவசியம்.

5. கல்யாணம்

இரண்டு வழி இருக்கிறது. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை, நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்பதை விட்டுவிட்டு, எந்த மதத்தில் பிறந்தீர்கள் என்பதை வைத்துப் பாருங்கள். இந்துவாகப் பிறந்து நம்பிக்கை இல்லாதவர் சட்டத்தின் கண்ணில் இந்துதான்.

இருவரும் இந்துவாகப் பிறந்தவர்கள் என்றால் சுயமரியாதைத் திருமணம் போதும். இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் அல்லது மற்றவர்கள் முன்னிலையில், ஒருவரை ஒருவர் கணவன் மனைவியாக ஏற்கிறோம் என்று புரிகிற மொழியில் சொல்வது, மாலையோ மோதிரமோ மாற்றுவது, தாலி கட்டுவது, இந்த மூன்றில் எந்த ஒன்றைச் செய்தாலும் கல்யாணம் செல்லும். ஐயர், ஓமம், தீவலம் தேவையில்லை. பெரிய கூட்டமும் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தெளிவுபடுத்திவிட்டது.

வீட்டாரோடு பேரம் பேச இந்தப் பிரிவு நல்ல உதவி. தாலி கட்டினாலும் சட்டப்படி சுயமரியாதைத் திருமணம்தான் என்பதால், தாலிக்காகக் கல்யாணத்தையே உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மண்டபம், மொய், விருந்து, தாய்மாமன் மாலை, நாதஸ்வரம் எல்லாம் இருக்கட்டும், மந்திரம் மட்டும் வேண்டாம், ஊர்ப் பெரியவர் ஒருவர் தலைமை தாங்கட்டும் என்றால் பாதி வீடுகளில் ஒப்புக்கொள்கிறார்கள். மாப்பிள்ளை அழைப்பைக் கோயிலிலிருந்து தொடங்குவது, முகூர்த்த நேரம் ஆகிய இரண்டிலும்தான் இழுபறி வரும். நேரத்தை விட்டுக்கொடுங்கள். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் கட்டினால் என்ன, பதினொன்றுக்குக் கட்டினால் என்ன.

பதிவு செய்வதற்குத் தேவையானவை:

இருவரின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் படங்கள். அச்சடித்த அழைப்பிதழ். மண்டப ரசீது. மாலை மாற்றும்போது அல்லது தாலி கட்டும்போது எடுத்த படம், இருவர் முகமும் பின்னால் ஆட்களும் தெரிய. சாட்சிகள் அடையாள அட்டையோடு. மூன்று பேரைக் கூட்டிப்போங்கள், ஒருவர் வராவிட்டாலும் சமாளிக்கலாம்.

சறுக்குவது இங்கேதான்: கல்யாணம் எங்கே நடந்தது, யார் நடத்திவைத்தது என்று கேட்பார்கள். கோயில் ரசீதைப் பார்த்தே பழகிய கவுண்டரில் "கோயில் சீட்டு எங்கே" என்றும் வரலாம். அதனால் அழைப்பிதழிலேயே "சுயமரியாதைத் திருமணம்" என்று அச்சடித்து, தலைமை தாங்குபவர் பெயரையும் போட்டுவிடுங்கள். அவருடைய ஆதார் நகலை அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 7ஏ பிரிவு என்று விண்ணப்பத்தோடு ஒரு தனிக் கடிதமும் இணைக்கலாம்.

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இன்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் அலைச்சல்தான். அரசுக் கட்டணம் சிறியது. பத்திர அலுவலக வாசலில் எழுதிக்கொடுப்பவர் கேட்கும் தொகைதான் பெரிது. பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே விண்ணப்பத்தை நிரப்பலாம். பெயர், தலைப்பெழுத்து ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே பார்த்துத் திருத்துங்கள். அன்றைக்குத் திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலோர் இதனால்தான் வருகிறார்கள்.

ஒருவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ பிறந்திருந்தால், மத வழக்கமே இல்லாமல் கட்டிக்கொள்ள இருக்கிற வழி சிறப்புத் திருமணச் சட்டம் 1954. இருவரில் ஒருவராவது 30 நாள் வசித்த பகுதியின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது பலகையில் 30 நாள் இருக்கும். எதிர்ப்பு இல்லையென்றால் மூன்று சாட்சிகள் முன்னால் உறுதிமொழி சொல்லிக் கையெழுத்து. அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. வீட்டுக்குத் தெரியாமல் செய்கிறவர்கள் கவனிக்க: பலகையில் ஒட்டுவது என்பது பகிரங்கம். மதுரை மாதிரி ஊரில் பத்திர அலுவலகத்தில் சொந்தக்காரர் ஒருவர் கண்ணில் பட்டுவிடும். அந்த 30 நாளும் எங்கே இருப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு அறிவிப்புக் கொடுங்கள்.

சொத்துரிமை பற்றி ஒரு வரி. சிறப்புத் திருமணச் சட்டத்தில் கட்டினால் பூர்வீகச் சொத்து போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். இருவரும் இந்து, பௌத்தர், சீக்கியர், சமணர் என்றால் 21ஏ பிரிவின்படி பழைய வாரிசுரிமையே தொடரும். வேறு மதத்தவரோடு என்றால் இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்கு மாறும், கூட்டுக்குடும்பத்திலிருந்து பிரிந்ததாகவும் ஆகும். அப்படிப்பட்டவர்கள் மட்டும் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

6. பிள்ளைகள்

முதல் மொட்டையும் காதுகுத்தும் பாண்டி கோயிலிலோ குலதெய்வத்திலோ நடக்க வேண்டும் என்று தாத்தா பாட்டி நிற்பார்கள். முடி வளர்ந்துவிடும், காதுத்துளை தூர்ந்துவிடும். இதில் தாய்மாமன் சீர்தான் உறவின் பெரிய முடிச்சு. அதைத் தடுத்தால் மனைவியின் அண்ணன் தம்பிகளை அவமதித்ததாகும். வீட்டிலோ மண்டபத்திலோ வைக்கலாம் என்று பேசிப்பாருங்கள். ஒப்பவில்லையென்றால் இதை ஒரு பெரிய போராகத் தூக்க வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. சண்டைக்கு வேறு நல்ல இடங்கள் வரும்.

பள்ளியில் சேர்க்கும்போது சாதி, மதம் பத்தியில் இல்லை என்று போடலாம், காலியாகவும் விடலாம். 1973இலேயே இதற்கு அரசாணை இருக்கிறது, எண் 1210. 2000இல் இன்னொன்றும் வந்தது. கணினியில் ஏறாது என்று பள்ளியில் சொன்னால் அரசாணை நகலோடு தலைமையாசிரியருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, இன்னொரு படியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

ஆனால் கையெழுத்துப் போடும் முன் நிதானம் வேண்டும். மதத்தை விடுவது ஒன்று, சாதிச் சான்றிதழை விடுவது வேறொன்று. சாதி இல்லை என்று போட்டுவிட்டால் இடஒதுக்கீடு, உதவித்தொகை எதையும் கேட்க முடியாது, பின்னால் திருப்பி வாங்குவது பெரும்பாடு. சாதி, மதம் அற்றவர் என்ற சான்றிதழைத் திருப்பத்தூரைச் சேர்ந்த ஒரு பெண் வழக்கறிஞர் 2019இல் வட்டாட்சியரிடம் பெற்றார். அதற்கு அவர் பல வருசம் நடந்தார். அது வயதுவந்தவர் தனக்காக எடுத்த முடிவு. பிள்ளைக்காக நீங்கள் எடுக்காதீர்கள். குறிப்பாகத் தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர்கள் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வழக்கமான சாதிச் சான்றிதழை வாங்கி வைத்துவிடுங்கள். பிள்ளைக்கு 18 ஆனபின் அது என்ன செய்கிறதோ செய்யட்டும்.

மதப் பள்ளியில் சேர்க்கிறீர்கள் என்றால்: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத வகுப்பிலோ வழிபாட்டிலோ உட்கார வைக்க முடியாது. அரசியல் சாசனம் 28ஆவது பிரிவு. சேர்க்கைப் படிவத்தில் அந்தச் சம்மத வரி இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

7. வேலை, கோர்ட்

ஆயுத பூஜைக்கு ஆபீசில் காசு பிரித்தால் கொடுத்துவிடுங்கள், பொரிகடலை சாப்பிடுங்கள். பூசணிக்காயை ரோட்டில் உடைக்கும்போது மட்டும் ஓரமாக உடைக்கச் சொல்லுங்கள், பைக்கில் வருகிறவன் வழுக்கி விழுவான்.

கோர்ட்டில் சாட்சி சொல்ல ஏறினால் கடவுள் பெயரால் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டப்படி உளமார உறுதி கூறலாம். தாள் எதுவும் தேவையில்லை, கூண்டில் ஏறியதும் சொன்னால் போதும்.

8. அப்பா அம்மா சாவு

இதைப் பேச யாருக்கும் பிடிக்காது. பேசாமல் விட்டவர்கள்தான் தத்தனேரி மயான வாசலில் நின்று சண்டை போடுகிறார்கள்.

நம் பக்கத்தில் அப்பாவுக்கு மூத்த மகன், அம்மாவுக்கு இளைய மகன் கொள்ளி வைப்பது வழக்கம். அந்த முறை உங்களுக்கு வருகிறதா என்று இப்போதே பாருங்கள். அவர்கள் நம்பிக்கை உள்ளவர்கள் என்றால், சாவு அவர்களுடையது, அவர்கள் விரும்பியபடி நடப்பதுதான் நியாயம். உங்களால் முடியாத இடம் மட்டும் எது என்று தம்பியிடம் அல்லது பெரியப்பா மகனிடம் இப்போதே சொல்லி, "அத நீ பாத்துக்க" என்று முடித்துவிடுங்கள். மொட்டை போடமாட்டேன், கொள்ளி வைக்கிறேன் என்றால் அதையும் முன்பே சொல்லுங்கள். ஒரே மகன் என்றால் யோசித்து முடிவெடுங்கள். நாவிதர் கத்தியோடு நிற்கும்போது தொடங்குகிற பேச்சில் யாரும் ஜெயிப்பதில்லை.

சடங்கு இல்லாத வேலைகள் சாவு வீட்டில் மலைபோல் கிடக்கும். அவற்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இறந்தால் டாக்டரை அழைத்து இறப்புக்கான காரணத்தோடு சான்று வாங்குவது, ஐஸ் பெட்டி, பந்தல், இறந்தவர் ஆதார் நகல், மயானத்தில் நேரம் வாங்குவது, அங்கே தருகிற ரசீதைப் பத்திரப்படுத்துவது. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஊராட்சியில் என்றால் கிராம நிர்வாக அலுவலர், நகரத்தில் மாநகராட்சி, ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே அனுப்புவார்கள். பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் ஏறியதா என்று நீங்கள் போய்ப் பாருங்கள். வாரிசுச் சான்றிதழ் வரை அந்தப் பிழை துரத்தும். பதினாறாம் நாள் கருமாதியில் தலைப்பாகை கட்டும் உருமா கட்டுக்கு உட்காருங்கள். அது சம்பந்தக்காரர் உங்களுக்குச் செய்யும் மரியாதை.

அப்பா இறந்தபின் அம்மாவுக்குப் பூவும் பொட்டும் வைத்துத் தாலி வாங்குகிற சடங்கைத் தடுக்க நினைக்கும் பிள்ளைகள் பலர் உண்டு. செய்யுங்கள், ஆனால் அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அப்பா உயிரோடு இருக்கும்போதே. அவருக்கு அது வேண்டாம் என்றால் அவருடைய அண்ணன் தம்பியிடம் பேசிவையுங்கள். பிறந்த வீட்டுக் கோடி அவர்கள் கையில்தான் வருகிறது. அவர்கள் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் பெண்கள் கூட்டம் அடங்கிவிடும். நீங்கள் கத்தினால் அடங்காது.

9. உங்கள் சாவு

எரிப்பதா புதைப்பதா, சடங்கு வேண்டுமா வேண்டாமா என்று உயிலில் எழுதலாம். ஆனால் உங்கள் உடம்பைப் பொறுத்தவரை அந்த உயில் வெறும் விருப்பம்தான். உயிலைப் பிரித்துப் படிப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும். அப்போது பக்கத்தில் இருப்பவரின் சம்மதம்தான் நடக்கும். ஆகவே மனைவி அல்லது கணவன், மூத்த பிள்ளை, ஒரு நண்பர் என மூன்று பேருக்குத் தெரிய வேண்டும். கிறிஸ்தவராகப் பிறந்து சர்ச்சின் பங்குப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள், ஜமாத்தோடு தொடர்பு விட்டவர்கள், கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டுப் பிள்ளைகள் அலையாமல் இருக்க மாநகராட்சி மயானமா உடல்தானமா என்று இப்போதே எழுதிவைப்பது நல்லது.

கண்தானம். எளிதானது இதுதான், நம்பிக்கை உள்ள வீட்டிலும் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். முன்பே பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, நெருங்கிய உறவினர் சம்மதித்தால் போதும். அண்ணாநகர் அரவிந்த் கண் மருத்துவமனையின் கண்வங்கி போன்ற இடங்களுக்குப் போன் செய்தால் வீட்டுக்கே வருவார்கள். செலவு கிடையாது. அவர்கள் வரும்வரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். சர்க்கரை, கண்ணாடி, புரை அறுவை இருந்தாலும் கொடுக்கலாம். வெறிநாய்க்கடி, எச்.ஐ.வி., மஞ்சள்காமாலைக் கிருமி, ரத்தப் புற்று இருந்தால் கூடாது. எடுத்தபின் முகம் விகாரமாகாது. அப்பத்தா கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

உறுப்புதானம் மூளைச்சாவு ஏற்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தால் மட்டுமே பெரும்பாலும் நடக்கும். 2023 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் அப்படிக் கொடுத்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை உண்டு. தயங்குகிற உறவுக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள், வேலை செய்கிறது.

உடல்தானம். மதுரை மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் வாங்க வேண்டும். புகைப்படம், ஆதார், இரண்டு சாட்சி. சாட்சியில் ஒருவர் உங்கள் மறைவுக்குப் பின் முடிவெடுக்கப்போகும் நெருங்கிய உறவாக இருக்கட்டும். எத்தனை படி, முத்திரைத்தாள் தேவையா என்று துறையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரவிலோ ஞாயிறிலோ இறந்தால் யாருக்குப் போன் செய்வது என்ற கேள்வியைக் கேட்காமல் வராதீர்கள். இதைக் கேட்காமல் வந்தவர்கள் வீட்டில்தான் கடைசியில் தத்தனேரிக்குப் போகிறார்கள்.

எப்போது வாங்கமாட்டார்கள்: விபத்து, தற்கொலை, போலீஸ் விசாரணை, பிரேதப் பரிசோதனை செய்த உடல், தொற்றுநோய், அழுகத் தொடங்கிய உடல். அப்படி ஆனால் என்ன செய்வது என்று இரண்டாவது விருப்பத்தையும் எழுதிவையுங்கள். கண்ணை எடுத்தபின் உடலைக் கொடுக்கலாம். கொடுக்கும் நாளில் டாக்டர் சான்று, இறந்தவர் ஆதார் நகல், ஒப்படைப்பவர் ஆதார் நகல், உறவினரின் சம்மதக் கடிதம் வேண்டும். கூட்டம் வந்து பார்க்க, மாலை போட, அழுது தீர்க்க நேரம் கொடுத்துத் திட்டமிடுங்கள். வெளியூர் மகள் வரும்வரை ஐஸ் பெட்டியில் வைக்கலாம். ஊர்வலமும் வைக்கலாம், மயானத்துக்குப் பதில் கல்லூரிக்கு. எரிக்கவில்லையே, சாம்பல் இல்லையே, கருமாதிக்கு என்ன செய்வது என்று உங்கள் அண்ணன் தவிப்பார். பதினாறாம் நாள் படத்தை வைத்துச் சாப்பாடு போட்டுக்கொள்ளுங்கள் என்று நீங்களே எழுதிவைத்துவிட்டால் அவருக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

உடல்தானப் படிவம், கண்வங்கி எண், துறையின் எண், மூன்று பேரின் போன் நம்பர், ஆதார் நகல் ஐந்து ஆகியவற்றை ஒரே கவரில் போட்டு மேலே பெயர் எழுதுங்கள். பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள், சாவு விழுந்த வீட்டில் சாவி கிடைக்காது. கரண்டு பில் அட்டையும் கேஸ் புத்தகமும் எங்கே இருக்குமோ அங்கே வையுங்கள்.